முதல் பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடுமா? ஃபெட் மின்சுற்றுச் செயலி

இரண்டு பல்புகளைத் தொடரிணைப்பில் இணைத்தால், முதல் பல்பு மின்னோட்டத்தில் ஒரு பங்கைத் தின்றுவிட்டு மிச்சத்தைத்தான் அடுத்ததற்கு அனுப்பும் என்ற எண்ணம், ஓம் விதிக் கணக்குகளைப் பிழையின்றிப் போடும் மாணவரிடமும் ஒளிந்திருப்பதைப் பாடம் சொல்லித்தரும்போது பலமுறை கண்டிருக்கிறேன். அதைக் களைவதற்கு நான் முயன்று பார்த்தவற்றுள், அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் ஃபெட் திட்டம் இலவசமாக வழங்கும் 'சர்க்யூட் கன்ஸ்ட்ரக்‌ஷன் கிட்: டிசி' என்ற செயலியே நன்கு பயன்பட்டது. 2001இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன் மறு ஆண்டு தொடங்கிய திட்டம் இது.

செயலியின் திரையில் 9 வோல்ட் மின்கலத்துடன் 10 ஓம் பல்பு ஒன்றை இணைத்தால் அம்மீட்டர் 0.90 ஆம்பியர் காட்டுகிறது. அதே போன்ற இன்னொரு பல்பைத் தொடரில் சேர்த்ததும் அளவு 0.45 ஆகிறது, முதல் பல்புக்கு முன்னால், இரண்டுக்கும் நடுவில், கடைசியில் என எங்கே வைத்து அளந்தாலும் அதே 0.45தான். கம்பிக்குள் நீலப் புள்ளிகளாக எலக்ட்ரான்கள் எங்கும் ஒரே வேகத்தில் நகர்வதையும் கண்ணால் பார்த்த பிறகு, மின்னோட்டம் வழியில் செலவாவதில்லை என்பதை மாணவர் தாமாகவே சொல்கிறார். பக்க இணைப்பில் ஒவ்வொரு கிளையிலும் 0.90, பொதுக்கம்பியில் 1.80. (செயலிக்குள் வெறும் கம்பியால் மின்கலத்தின் இரு முனைகளையும் இணைத்துத் திரையில் தீப்பற்ற வைப்பதே எல்லாப் பிள்ளைகளும் செய்யும் முதல் சோதனை, அங்கே அதைத் தடுக்க வேண்டாம்.)

மின்கலத்தின் உள்மின்தடையை, அதாவது மின்கலத்துக்குள்ளேயே மின்னோட்டத்துக்கு இருக்கும் தடையை, மாற்றும் வசதியைப் பலரும் கவனிப்பதில்லை. அதை 2 ஓம் ஆக்கினால் ஒற்றைப் பல்பில் 0.75 ஆம்பியர் ஓடுகிறது. பக்க இணைப்பில் இரண்டாவது பல்பைச் சேர்த்ததும் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 0.64 ஆகக் குறைந்து வெளிச்சமும் மங்குகிறது. மின்கலம் எப்போதும் மாறாத மின்னோட்டத்தைத் தரும் என்ற அடுத்த தவறான எண்ணத்தையும் இச்சோதனை அசைத்துவிடும்.

குறைகளும் உண்டு. கைபேசித் திரையில் கம்பி முனைகளைப் பொருத்துவது எரிச்சலூட்டும். ஓடும் புள்ளிகளைப் பார்க்கும் மாணவர் எலக்ட்ரான்கள் உண்மையிலும் அப்படியே விரைவதாக நினைத்துக்கொள்கிறார். 1 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது அவற்றின் இழுப்புத் திசைவேகம் (கம்பி வழியே சராசரியாக முன்னேறும் வேகம்) நொடிக்கு ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர், அதாவது ஒரு மணி நேரத்தில் ஓர் அடிக்கும் குறைவு என்பதை ஆசிரியர்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். தளர்ந்த இணைப்பும் துருப்பிடித்த முனையும் இங்கே கிடையாது என்பதால், ஒரு டார்ச் மின்கலமும் சில பல்புகளும் கையில் இருக்கும் நாளிலேயே இதைத் திறப்பது என் வழக்கம்.