மலை நகரத்துக் கான் தண்ணீரில் பொசுபரசு: எளிய முறையா, ஸ்விம் மாதிரியா?

நுவரெலியாவில் ஒரு மணி நேரம் அடித்துப் பெய்தால் போதும், கான்களில், அதாவது வடிகால்களில், தண்ணீர் தேயிலைச் சாயமாய் ஓடும். மண்ணோடு பொசுபரசும் நைதரசனும் சேர்ந்து கிரகரி வாவிக்குப் போகின்றன. பாசிக்கு அதுதான் சாப்பாடு. எவ்வளவு போகிறது என்று கணக்கிட இரண்டு வழிகள் நம் கைக்கு எட்டும்.

ஒன்று, 1987இல் அமெரிக்காவில் தொமஸ் ஷூலர் வெளியிட்ட எளிய முறை. மழை, பரப்பு, கூரையும் தாரும் மூடிய நிலத்தின் பங்கு, தண்ணீரின் சராசரிச் செறிவு, இவ்வளவுதான் தேவை. 10 ஹெக்டேயர், 60 வீதம் மூடிய நிலம், ஆண்டு மழை 1,900 மில்லிமீற்றர், பொசுபரசு லீற்றருக்கு 0.3 மில்லிகிராம் என்று வைத்தால் ஆண்டுக்குச் சுமார் 30 கிலோ வருகிறது. ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்த 0.3 நான் வைத்த எண், அதை 0.6 ஆக்கினால் விடையும் இரட்டிக்கும். தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்து மலசலகூடக் குழிகளிலிருந்து மழையில்லாத நாளிலும் கசிவது இதில் சேராது.

மற்றது எஸ்.டபிள்யூ.எம்.எம்., பேச்சில் 'ஸ்விம்'. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 1971 முதல் வளர்த்துவரும், மழைநீர் ஓட்டத்தைக் கணிக்கும் இலவச மென்பொருள் மாதிரி. எந்தக் கானில் எப்போது எவ்வளவு என்று காட்டும். மழையற்ற நாட்களில் அழுக்கு சேர்கிறது, மழை கழுவுகிறது என்பதே அதன் வழக்கமான கணக்கு. அங்கேதான் எனக்குத் தயக்கம். தென்மேல் பருவத்தில் நாள்தோறும் தூறும் ஊரில் அழுக்கு சேர இடைவெளி ஏது? மரக்கறித் தோட்டத்துப் பசளையும் வெயில் நாட்களை எண்ணிச் சேர்வதில்லை, விவசாயி போடும் நாளில் சேர்கிறது. அந்தக் கணக்கை விட்டு, அளந்த செறிவையே ஸ்விம்முக்குக் கொடுக்கவும் வழி உண்டு. இங்கே அதுவே பொருத்தம். அப்போதும் 5, 10 நிமிட இடைவெளி மழைப் பதிவு வேண்டும். செங்குத்தான சரிவில் கான் நிரம்பி வடிவதை நாள் மொத்த மழை காட்டாது.

வாவிக்கு ஆண்டுச் சுமை எவ்வளவு என்றால் எளிய முறையே போதும். மண்ணைப் படியவிடும் வண்டல் குட்டையை எங்கே வெட்டுவது என்றால் ஸ்விம். சரி, எதை எடுத்தாலும் முதல் செலவு போத்தல்களுக்கு ஆகட்டும். மழை தொடங்கும்போதும் நடுவிலும் ஓயும்போதும் மாதிரி எடுங்கள். பஜார் கானையும் தோட்டத்துக் கானையும் கலக்காதீர்கள். வடிகட்டாமல் மொத்தப் பொசுபரசை அளக்கச் சொல்லுங்கள். தோட்டத்துத் தண்ணீரில் அது பெரும்பாலும் மண் துகளில் ஒட்டியே வருவதால், வடிகட்டினால் தாளிலேயே தங்கிவிடும்.