128 ஜிபி பென்டிரைவ்: இடம் இருந்தும் ஏறாத கல்யாண வீடியோ

டவுன்ஹால் ரோட்டில் 950 ரூபாய்க்கு வாங்கிய பென்டிரைவ். உலோக உடம்பு, யுஎஸ்பி 3.0. மூன்று மாதமாக, எடிட் பண்ணிய கல்யாண வீடியோக்களை இதே மாடலில்தான் கொடுக்கிறேன். நல்ல வேகம், சூடும் அதிகம் இல்லை. என் மனக்குறை வேறு.

மேலூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். பொண்ணும் மாப்பிள்ளையும் விடிந்தால் சிங்கப்பூர் கிளம்புகிறார்கள். முழு வீடியோவும் ஒரே ஃபைல், 11 ஜிபி. ராத்திரி பத்து மணிக்குக் காப்பி போட்டால், ஃபைல் ரொம்பப் பெரிசு என்று விண்டோஸ் மறுத்துவிட்டது. பென்டிரைவிலோ 119 ஜிபி காலியாகக் கிடக்கிறது. (128 என்று விற்பதை விண்டோஸ் தன் கணக்கில் 119 என்றுதான் காட்டும், அதில் ஏமாற்று இல்லை.) போலிச் சரக்கோ என்று பயந்து 3 ஜிபி ஃபைல் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். ஏறியது.

கடைத் தம்பிக்குப் போன் போட்டேன். "இடம் இருக்குண்ணே. ஃபைல் அளவை எழுதுற கட்டம்தான் சின்னது" என்றான். டிரைவில் ஃபைல்களை அடுக்கி, கணக்கு வைக்கப் பல முறைகள் உண்டு; கம்பெனியிலேயே அதில் ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மட் செய்து அனுப்பியிருக்கிறார்கள். அந்த முறையில் ஒரு ஃபைலின் அளவைக் குறிக்க 32 பிட்தான், அதாவது 0 அல்லது 1 எழுத 32 இடம்தான் உண்டு. அதில் அடங்கும் பெரிய எண் 4,294,967,295. விண்டோஸ் கணக்கில் 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. டிரைவ் எவ்வளவு பெரிசானாலும் ஒரு ஃபைலுக்கு அதுதான் எல்லை. விண்டோஸ் 95 காலத்தில், 1996இல் வந்த ஏற்பாடு. அன்றைக்கு யார் வீட்டில் 4 ஜிபி வீடியோ இருந்தது? அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் 128 என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள் இதையும் ஒரு வரி போட்டிருக்கவேண்டும்.

அவன் சொன்னபடி, பெரிய ஃபைலும் ஏறும் எக்ஸ்ஃபேட் என்ற புதிய முறைக்கு மாற்றினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. (ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும், முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.) 11 ஜிபியும் ஒரே மூச்சில் ஏறியது. விண்டோஸின் சொந்த முறையான என்டிஎஃப்எஸ்ஸிலும் இந்த 4 ஜிபி தொல்லை கிடையாது. ஆனால் மாப்பிள்ளையிடம் இருப்பது மேக் லேப்டாப்; அது என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், தானாக எழுதாது. எக்ஸ்ஃபேட் என்றால் விண்டோஸ், மேக் இரண்டுக்கும் சரி.

அத்தோடு முடியவில்லை. பெண்ணின் அப்பாவுக்குக் கொடுத்த பிரதி அவர் வீட்டுப் பழைய டிவியில் ஓடவில்லை. "தம்பி, ஒண்ணுமே வரலையேப்பா" என்றார் பாவம். அந்த டிவிக்கு எக்ஸ்ஃபேட் தெரியாது. அவருக்கு மட்டும் திரும்ப ஃபேட்32. அப்படியானால் 11 ஜிபி ஃபைலை வெட்டித்தான் ஆகவேண்டும். சாஃப்ட்வேரை நம்பி அளவு பார்த்து வெட்டவிட்டால் கெட்டிமேளத்தின் நடுவிலேகூட வெட்டிவிடும். அதனால் நானே உட்கார்ந்து நிச்சயம், மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், வரவேற்பு என்று நான்காகப் பிரித்தேன். ஒவ்வொன்றும் 4 ஜிபிக்குள்.

பென்டிரைவுக்கு ஐந்துக்கு நான்கு தருகிறேன். வாங்கலாம். வீடியோ கொடுக்கும் தொழிலில் இருப்பவர்கள், வாங்கிய அன்றே அது எந்த ஃபார்மட்டில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். நான் இப்போது அட்வான்ஸ் வாங்கும்போதே, வீட்டில் எந்த டிவி என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.