ஃபுல் டில்ட் புக்கா, மோட்டார்சைக்கிள் டைரீஸ் படமா?

நீண்ட வீக்எண்ட் வருது, எதை எடுக்கலாம்னு கேட்டீங்கன்னா என் ஓட்டு புக்குக்குதான். ஐரிஷ் எழுத்தாளர் டெர்வ்லா மர்ஃபி 1963-ல, ஐரோப்பாவே உறைஞ்சு கிடந்த அந்தக் குளிர்ல, தனியா சைக்கிள்ல கிளம்பி ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியா டெல்லி வரைக்கும் வந்த கதை. பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு பழைய சைக்கிளும் அட்லஸும் கிடைச்சப்பவே இந்தியா போகணும்னு முடிவு பண்ணிட்டாங்களாம், கிளம்பும்போது வயசு 31. சைக்கிளுக்கு ரோஸ்னு பேரு, அதுல இருந்த கியரையும் கழட்டிட்டாங்க, பையில ஒரு பிஸ்டல் வேற! நம்ம சிங்கப்பூர்ல புக்கிட் தீமா மலையே 163 மீட்டர்தான், அதுக்கே நமக்கு மூச்சு வாங்குது, அவங்க பாகிஸ்தான்ல ரொம்ப உயரத்துல இருக்கிற பாபுசார் கணவாயையே (மலைப்பாதை) தாண்டியிருக்காங்க. ஈஸ்ட் கோஸ்ட்ல இருந்து சாங்கி வரைக்கும் மிதிச்சிட்டு ஃபோட்டோ போடுற எனக்கு இதைப் படிச்சப்போ கொஞ்சம் கூச்சமாவே இருந்துச்சு.

படம் 2004-ல வந்தது, 1952-ல சே குவேராவும் நண்பர் கிரனாடோவும் ஒரு பழைய நார்ட்டன் பைக்ல தென் அமெரிக்காவைச் சுத்தின பயணம். பைக் பாதியிலயே சிலியில செத்துடும், அப்புறம் நடையும் லிஃப்ட்டும்தான், ஆனா படம் அங்கதான் சூடு பிடிக்குது. லொக்கேஷன் எல்லாம் அள்ளுது, ரெண்டு மணி நேரம் போறதே தெரியாது. ஆனா டயர் பஞ்சர், பசி, தினம் எங்க தூங்குறதுங்கிற கவலை இதெல்லாம் நாள் கணக்கா கூடவே வரணும்னா புக்குதான் சரி, எம்ஆர்டி ரயில்ல தினம் பத்துப் பக்கம் போதும்.