டை ஹார்ட் 4கே டிஸ்க்: டிசம்பர் இரவுக்கு இன்னும் ஈடில்லை

1988இல் வந்த படம் இன்றும் பழசாகாததற்குத் திரைக்கதைதான் காரணம். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் சொன்ன யோசனையைக் கேட்டு நாயகன் காலணியைக் கழற்றுகிறான். அந்த நேரம் பார்த்து அவன் இருக்கும் கட்டடத்துக்குள் கொள்ளைக் கும்பல் நுழைகிறது. பின்னால் அந்த வெறுங்காலைக் குறிவைத்தே வில்லன் கண்ணாடியைச் சுடச் சொல்கிறான். ஒரு காட்சியும் வீணில்லை. வில்லனாக நடித்த ஆலன் ரிக்மனுக்கு இதுதான் முதல் திரைப்படம் என்றால் நம்பவே முடியாது!

4கே டிஸ்க்கில் ஃபிலிமுக்கே உரிய நுண்புள்ளிகளும் (கிரெய்ன்) லென்ஸில் சிதறும் ஒளிக்கீற்றுகளும் அப்படியே இருக்கின்றன. டிவியில் அசைவைச் செயற்கையாக மென்மையாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நொடிக்கு 24 பிரேம் ஓடும் படம் தொலைக்காட்சித் தொடர்போல வழுக்கும். சாதாரண புளூரே பிளேயரிலோ பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) விளையாட்டுக் கருவியிலோ இது ஓடாது. டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5 போதும்.

வீவக அடுக்குமாடி வீட்டில் இரவில் பார்க்கும்போது சிக்கல் ஒலியில்தான். வெடிச்சத்தத்துக்குப் பயந்து குறைத்தால் வசனம் அமுங்கிவிடும். வசனம் வரும் சென்டர் ஸ்பீக்கரை மட்டும் 2, 3 டெசிபல் ஏற்றி, பெரிய சத்தத்துக்கும் சிறிய சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கும் நைட் மோடைப் போடுங்கள். அடித்தொனி தரும் சப்வூஃபர் ஸ்பீக்கருக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு வைத்தால் கீழ்வீட்டுக்கு அதிர்வு குறையும்.

கிறிஸ்மஸ் படம் என்றாலும் ரத்தமும் கெட்ட வார்த்தையும் நிறைய. பிள்ளைகள் தூங்கிய பிறகு போடுங்கள்.