வண்டி மாறும் இடத்தில் தெரியும் ஊரின் லட்சணம்

சிங்கப்பூர், லண்டன், டோக்கியோ மூன்றிலும் வேலை நிமித்தம் வருடக்கணக்கில் இருந்தவன் நான். எங்கேயும் சொந்த வண்டி வைத்துக்கொண்டதில்லை. எந்த ஊர் ரயில் வேகம், எது சுத்தம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் பார்ப்பது வேறு: ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறும்போது அந்த ஊர் நம்மை எப்படி நடத்துகிறது? வீட்டிலிருந்து ஆபீஸ் வரை ஒரே வண்டியில் போகிற பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கிறது?

அந்தக் கணக்கில் என் ஓட்டு சிங்கப்பூருக்குத்தான். 2010-ல் மொத்தத் தூரத்துக்கு ஒரே கட்டணம் என்று ஆக்கிவிட்டார்கள். பஸ்ஸில் வந்து, பெருவிரைவு ரயில் ஏறி, மறுபடி பஸ் பிடித்தாலும் ஆரம்பக் கட்டணம் திரும்ப விழாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஐந்து முறை மாறலாம். தெம்பனிஸ் நிலையத்தில் தடம் மாற டிக்கெட் கேட்டைத் தாண்டி வெளியே வந்து நடக்க வேண்டும், ஆனாலும் அது ஒரே பயணம்தான். பஸ்ஸில் இறங்கும்போது மட்டும் அட்டையைத் தட்ட மறக்காதீர்கள். கடைசி நிறுத்தம் வரைக்கும் காசு போய்விடும்.

டோக்கியோ ரயிலைக் குறை சொல்ல வாய் வராது. நடைமேடையில் ஒரு பலகை இருக்கும். அடுத்து வரும் ஒவ்வொரு நிலையத்திலும் எத்தனையாவது பெட்டிக்கு நேராகப் படிக்கட்டு, எங்கே எஸ்கலேட்டர், எங்கே லிஃப்ட் என்று அதில் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து நின்றால் இறங்கியதும் படிக்கட்டு முன்னால் இருக்கும். இவ்வளவு யோசிக்கிற ஊர், காசு விஷயத்தில் மட்டும் கைவிட்டுவிடுகிறது. சுரங்க ரயிலையே இரண்டு நிறுவனங்கள் பங்குபோட்டு வைத்திருக்கின்றன: டோக்கியோ மெட்ரோவுக்கு 9 தடங்கள், டோக்கியோ நகர அரசு நடத்தும் தோயேய்க்கு 4. ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறினால் இரண்டு கட்டணத்தையும் கூட்டி, 70 யென் கழித்துக்கொள்வார்கள். ஜேஆர் என்கிற இன்னொரு நிறுவனத்தின் ரயில் தனிக் கணக்கு.

இதன் உச்சம் குதான்ஷிதா நிலையம். இரு நிறுவனங்களின் நடைமேடைகளும் ஒட்டிக்கொண்டு இருந்தன, நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் போக மாடியேறி, கேட்டைக் கடந்து, மறுபடி இறங்க வேண்டும். 2013-ல்தான் இடித்தார்கள். சுவர் போனது, இரட்டைக் கட்டணம் போகவில்லை.

லண்டன் நேர் எதிர். 1863-ல் ஆரம்பித்த சுரங்க ரயில் (டியூப் என்பார்கள்), வயசு தெரிகிறது. சென்ட்ரல், பேக்கர்லூ தடங்களில் ஏசி கிடையாது, கோடையில் வெந்துபோவோம். கிரீன் பார்க்கில் தடம் மாறுகிற சுரங்கப்பாதையில் நடந்தால் அன்றைய உடற்பயிற்சி முடிந்தது. ஆனால் கட்டண மூளை கூர்மை. வங்கி அட்டையைத் தட்டினால் போதும், ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் எடுக்காது. பஸ்ஸில் ஒரு தடவை காசு கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ், டிராம் வேண்டுமானாலும் ஏறலாம். ஸ்ட்ராட்ஃபோர்ட் மாதிரி சில நிலையங்களில் இளஞ்சிவப்பு நிறத்தில் தனியாக ஒரு கருவி நிற்கும். நகர மையத்துக்குள் நுழையாமல் சுற்றிப் போகிறவர், மாறும் இடத்தில் அதில் தட்டினால் கட்டணம் குறையும். ரொம்ப நாள் அங்கே இருப்பவர்களே அதைக் கவனிக்காமல் கடந்து போகிறார்கள்.

அப்புறம், வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கு ஒன்று. சிங்கப்பூரில் கவலையே வேண்டாம், எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உண்டு. டோக்கியோவிலும் கிடைக்கும், ஆனால் லிஃப்ட் உள்ள வாசல் நீங்கள் போக வேண்டிய பக்கம் இருக்கும் என்று சொல்ல முடியாது. லண்டன் டியூபில் மூன்றில் ஒரு பங்கு நிலையங்களில்தான் படியேறாமல் போக முடியும். 2022-ல் வந்த எலிசபெத் தடத்தில் எல்லா நிலையத்திலும் அந்த வசதி இருக்கிறது. அது போகாத இடத்துக்கு பஸ்ஸே மேல், சக்கர நாற்காலியோடும் ஏறலாம்.