ஒரு மாதக் கணக்கு: மனித உரிமைகள் ஆணைக்குழுவின் முறைப்பாட்டுச் சேவை, வன்னியில் இருந்து பார்த்தால்

காசு இல்லை, சட்டத்தரணி தேவையில்லை, தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். இந்தச் சேவையைப் பற்றி எல்லோரும் சொல்வது இவ்வளவுதான். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருப்பவருக்கு இதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு: நாள் ஓடுவதை இது நிறுத்தி வைக்கும்.

அடிப்படை உரிமை மீறப்பட்டால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப் போடவேண்டும். அந்த நீதிமன்றம் இருப்பது கொழும்பு புதுக்கடையில். வவுனியாவில் இருந்தே சுமார் 250 கிலோமீற்றர். சட்டத்தரணி பிடித்து, சத்தியக்கடதாசி முடித்து, பயணச் செலவுக்கும் வழி பார்ப்பதற்குள் மாதம் போய்விடும். ஆணைக்குழுவை அமைத்த 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், பிரிவு 13 இங்கேதான் கைகொடுக்கிறது. சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது.

நிற்கிறதே தவிர, கணக்குப் புதிதாகத் தொடங்குவதில்லை. பத்தாம் நாள் கொடுத்தவருக்கு விசாரணை முடிந்தபின் இருபது நாள் கையில் இருக்கும். 28ஆம் நாள் கொடுத்தவருக்கு இரண்டே நாள். இன்னொரு பொறியும் உண்டு. முறைப்பாட்டு இலக்கம் இருந்தால் மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நிலுவையில் இருந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்திவிட்டுச் சும்மா இருந்தவர்களின் மனுக்கள் விழுவது இந்த இடத்தில்தான். அழைப்புக் கடிதம், எதிர்த்தரப்பிடம் விளக்கம் கேட்ட கடிதத்தின் பிரதி இரண்டையும் கேட்டு வாங்குங்கள். ‘விசாரணை நிலுவையில் உள்ளது’ என்று எழுத்தில் தரும்படியும் கேளுங்கள். வாய்ச்சொல் புதுக்கடையில் செல்லாது.

முறைப்பாட்டைச் சொந்தக்காரர் ஒருவரும் கொடுக்கலாம். ஆனால் பிரிவு 13 பேசுவது ‘பாதிக்கப்பட்ட தரப்பு’ செய்யும் முறைப்பாட்டைப் பற்றி. அதனால் தடுப்பில் இருக்கும் மகனுக்காகத் தாய் எழுதினாலும், மகனைப் பார்க்க விட்டவுடன் அவருடைய கையெழுத்தோடு ஒரு கடிதத்தைச் சேர்த்துவிடுவது நல்லது. கடிதத்தில் நாள், மணி, இடம், வாகன இலக்கம், எந்தப் பொலிஸ் நிலையம் அல்லது முகாம், பார்த்தவர்கள் யார் என்பன வேண்டும். இரண்டு பக்கம் அழுது எழுதுவதைவிட இந்த ஆறும் வேலை செய்யும். அடிபட்டிருந்தால் அரச ஆஸ்பத்திரிக்குப் போய், யார் எப்படி அடித்தார்கள் என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். ‘விழுந்துவிட்டேன்’ என்று ஒருமுறை பதிந்தால் அதை அழிப்பது பெரும்பாடு.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைது என்றால், கைது செய்தவர் 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கவேண்டும் (ஆணைக்குழுச் சட்டம், பிரிவு 28). ஆகவே ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்கும்போது, ‘அறிவித்தல் வந்ததா, எப்போது வந்தது?’ என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். (சட்டம் வந்த ஆண்டும் அதே எண்தான், மறக்காது.)

குறை என்ன? முடிவில் கிடைப்பது பரிந்துரைதான். அரச நிறுவனம் அதைக் கேட்காவிட்டால் ஆணைக்குழு சனாதிபதிக்கு அறிக்கை அனுப்பும், அவர் பாராளுமன்றத்தில் வைப்பார், அவ்வளவுதான். லீசிங் கம்பனி மோட்டார் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனால் இங்கே வந்து பயனில்லை. அரச நிர்வாகத்தின் செயல்தான் இதற்குள் அடங்கும். ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். அதில் இரண்டு பிரிவு 13க்கு.

சட்டத்தையே மாற்றும் பேச்சு இப்போது பலமாக இருக்கிறது. புதிய அரசியலமைப்பு என்கிறார்கள். 1979இல் தற்காலிகமாக வந்து 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக 2018இலும் 2023இலும் சட்டமூலங்கள் வந்தன, இரண்டும் நிறைவேறவில்லை. லண்டனிலும் இதே இழுபறிதான். 1998ஆம் ஆண்டின் மனித உரிமைச் சட்டத்தைத் தூக்கிவிட்டு வேறொன்று வைக்க 2022 யூனில் சட்டமூலம் கொண்டுவந்து, அடுத்த ஆண்டு கைவிட்டார்கள். அது நிறைவேறியிருந்தால், ‘கணிசமான பாதிப்பு’ என்று முதலில் காட்டினால்தான் வழக்கே தொடர முடிந்திருக்கும். இருக்கிற சட்டத்தில் அங்கே வழக்குப் போட ஒரு வருடம் தருகிறார்கள். இங்கே ஒரு மாதம்.

மேடையில் ‘உரிமைகளைப் பலப்படுத்துவோம்’ என்பவரிடம் கேட்கவேண்டியது இரண்டு. அந்த ஒரு மாதம் எத்தனை மாதமாகும்? நிறைவேறிய சட்டத்தை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்கிற 80(3) உறுப்புரை போகுமா, இருக்குமா? உரிமைகளின் பட்டியல் எவ்வளவு நீண்டாலும் இந்த இரண்டும் மாறாவிட்டால் முள்ளியவளையில் இருப்பவருக்கு எதுவும் மாறாது.

அதுவரைக்கும்: பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் பற்றுச்சீட்டின் மை சில மாதத்தில் மங்கிவிடும். அன்றைக்கே போட்டோக்கொப்பி எடுத்து வையுங்கள்.