டெக்கா, 34சி-யா? பழைய சேஃப்டி ரேசரும் புதியதும்

இரட்டை முனை பிளேடுக்குத் திரும்ப நினைப்பவர் முதலில் கேள்விப்படும் பெயர்கள் இரண்டு: ஜில்லெட் டெக், மெர்க்குர் 34சி. டெக் 1938இல் அமெரிக்காவில் அறிமுகமானது. இங்கிலாந்து உட்படப் பல நாடுகளில் பல பத்தாண்டுகள் தயாரான அந்த ரேசர், இன்று பழம்பொருள் விற்பவர்களிடமும் தாத்தாக்களின் அலமாரிகளிலும் மட்டும் எஞ்சியிருக்கிறது. 34சி ஜெர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்து இன்றும் பளபளவென்று பெட்டியில் வந்துகொண்டிருக்கிறது. இரண்டும் ஒரே அளவு பிளேடைப் பிடிப்பவை. இரண்டும் சாதுவானவை, புதியவர் கன்னத்தைக் கிழித்துவிடாதவை. பழையது பெரும்பாலும் விலையும் குறைவு. இவற்றில் ஒன்றை எடு என்றால் நான் தயங்காமல் டெக்கை எடுப்பேன். அதற்காக எல்லா இடத்திலும் பழையதுதான் உசத்தி என்று அடம்பிடிக்கப் போவதில்லை. பழையது தோற்கும் இடங்களும் இருக்கின்றன.

உலோகத்திலிருந்து தொடங்குகிறேன். பிளேடை நடுவில் வைத்துப் பிடிக்கும் டெக்கின் மேல்மூடியும் அடித்தட்டும் பித்தளை. அதன்மேல் நிக்கல் அல்லது தங்க முலாம். 34சி-யின் தலை துத்தநாகக் கலவை வார்ப்பு. அதன்மேல் குரோமிய முலாம். இந்தக் கலவையை ஜமாக் என்பார்கள். துத்தநாகத்தோடு சுமார் 4 சதவீதம் அலுமினியம் சேர்ந்தது. 400 டிகிரி செல்சியசுக்குள்ளாகவே உருகிவிடும்; பித்தளையை உருக்க 900 டிகிரியாவது வேண்டும். சூடு குறைவு என்பதால் வார்ப்பு அச்சு நெடுநாள் உழைக்கும், நுணுக்கமான வடிவமும் ஒரே வார்ப்பில் வந்துவிடும், செலவும் மிச்சம். செய்கிறவருக்கு எல்லா விதத்திலும் வசதிதான். அதன் இன்னொரு குணம் குளியலறையில்தான் தெரியும். குரோமியத்தில் ஒரு கீறல் விழுந்து உள்ளே ஈரம் இறங்கினால் துத்தநாகம் அரிக்கத் தொடங்கும். முதலில் முலாம் கொப்புளிக்கும், பிறகு குழி விழும். குழி விழுந்த வார்ப்பைச் செப்பனிடுவது வீண்வேலை. மேல்மூடியோடு சேர்த்தே வார்க்கப்படும் திருகுத் தண்டு இருந்தால் அபாயம் இன்னும் அதிகம். சோப்புத் தண்ணீர் தேங்குவதும் அங்கேதான், கைப்பிடியை முறுக்கும்போது விசை இறங்குவதும் அங்கேதான். கை தவறித் தரையில் விழுந்தால் பெரும்பாலும் முறிவதும் அந்தத் தண்டுதான்.

பித்தளையில் முலாம் தேய்ந்தால் உள்ளேயிருந்து மஞ்சள் எட்டிப்பார்க்கும், அவ்வளவுதான். மழிப்பதில் எந்த மாற்றமும் இராது. பார்க்கப் பிடிக்கவில்லையென்றால் மறுபடி முலாம் பூசிக்கொள்ளலாம். நெளிந்தால்கூட, உடைவதைவிட நெளிவது மேல்.

நியாயமாகச் சொன்னால், 34சி-யை நன்றாகக் கழுவி உலர வைத்துப் பயன்படுத்துகிறவர்கள் பல ஆண்டுகள் குறையின்றி ஓட்டுகிறார்கள். எட்வின் ஜாகர் டிஇ89, மூலே ஆர்89 ஆகிய இன்றைய ரேசர்களும் அப்படித்தான். அவை இரண்டுக்கும் தலை ஒன்றே, அதுவும் துத்தநாக வார்ப்பே. கைப்பிடிகள் மட்டும் வெவ்வேறு. குறை உலோகத்தில் இருக்கிறது, வடிவமைப்பில் இல்லை.

பித்தளை இவ்வளவு நல்லது என்றால் இன்று ஏன் அதே விலையில் அதே மாதிரி ஒன்று வருவதில்லை? பழைய ஆட்கள் நேர்மையானவர்கள், இப்போதுள்ளவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்ற விளக்கம் எனக்கு ஒப்புதல் இல்லை. காரணம் எண்ணிக்கையில் இருக்கிறது. 1903இல், விற்பனை தொடங்கிய ஆண்டில், ஜில்லெட் நிறுவனம் விற்றது 51 ரேசர்கள், 168 பிளேடுகள். மறு ஆண்டு காப்புரிமை கிடைத்தது. முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு படைவீரர்களுக்காக வாங்கியது மட்டும் ஏறத்தாழ 35 லட்சம் ரேசர்கள். ரேசரைச் சும்மா கொடுத்துவிட்டு பிளேடில் சம்பாதித்தவர் ஜில்லெட் என்று மேலாண்மைப் பாடங்களில் ஒரு கதை உலவும். காப்புரிமை கையில் இருந்தவரை அவர் ரேசரை 5 டாலருக்கு விற்றார் என்பதே உண்மை. அந்தக் காலத்தில் அது சிறு தொகை அல்ல. 1921இல் காப்புரிமை முடிந்து போட்டியாளர்கள் நுழையவிருந்த நேரத்தில்தான் விலை இறங்கியது. அதன்பிறகு ரேசர் பிளேடை விற்பதற்கான கருவியாயிற்று. கருவி கெட்டால் பிளேடும் விற்காது என்பதால் மலிவான ரேசரையும் நன்றாகச் செய்தாக வேண்டியிருந்தது.

பித்தளையை அச்சில் அழுத்தித் துல்லியமாக வடிக்க, விலை உயர்ந்த அச்சுகளும் பெரிய அழுத்து எந்திரங்களும் வேண்டும். லட்சக்கணக்கில் செய்தால் அந்தச் செலவு ஒவ்வொரு ரேசர் மீதும் சில காசுகளாகப் பிரிந்துவிடும். ஆயிரக்கணக்கில் விற்கும் இன்றைய சிறு நிறுவனத்துக்கு அது கட்டுப்படியாகாது. அதற்குப் பெரும்பாலும் இரண்டே வழிகள்: துத்தநாகத்தை வார்ப்பது, அல்லது எஃகையோ பித்தளையையோ கணினி எந்திரத்தில் கடைந்து பல மடங்கு விலைக்கு விற்பது. நடுவில் இருந்த வழி, அதாவது சாமானியர் விலையில் கெட்டிப் பித்தளை, இரட்டை முனை ரேசர் பெருங்கூட்டத்தின் பொருளாக இருந்த காலத்தோடு போய்விட்டது. 1971இல் ஜில்லெட்டின் இரட்டை பிளேடு கார்ட்ரிட்ஜ் வந்ததிலிருந்து அந்தக் கூட்டம் கலையத் தொடங்கிற்று. பழைய ரேசரின் கவர்ச்சியில் பெரும்பங்கு இதுதான் என்பது என் எண்ணம். இன்று அந்த விலைக்குச் செய்யவே முடியாத ஒன்று, செய்து முடித்த நிலையில் உலகமெங்கும் கிடக்கிறது.

இனி முகத்துக்கு வருவோம். டெக்கின் தலை சிறியது, மெல்லியது. மூக்குக்குக் கீழே சிரமமின்றி நுழையும். அடித்தட்டில் சீப்புப் பற்கள் கிடையாது, நேரான பட்டை. மேல்மூடி பிளேடை முனைக்கு வெகு அருகில் அழுத்திப் பிடிப்பதால் பிளேடு அதிர்வதில்லை. 34சி கனமானது, கைப்பிடி குட்டையாகத் தடித்திருக்கும். அழுத்தாமல் அதன் கனத்தையே வேலை செய்ய விடலாம் என்பது புதியவருக்கு நல்ல பாடம். டெக்கோ இலேசானது, இலேசான ரேசரைக் கையில் எடுத்தவர் அறியாமல் அழுத்திவிடுவார், அழுத்தினால் கழுத்தில் எரிச்சல் நிச்சயம். முதல் மாதத்தில் 34சி முந்தும், கை பழகிய பிறகு டெக் முந்தும். பிடிப்பிலும் பழையதுக்கே என் மதிப்பெண். டெக்கின் கைப்பிடி வரிகள் சோப்பு நுரையிலும் நழுவுவதில்லை. புதியவற்றில் அழகுக்காக வழவழப்பான குரோமியக் கைப்பிடியோடு வரும் சில மாதிரிகள் ஈரக்கையில் மீனாக வழுக்குகின்றன.

அளவு மாற்றும் ரேசர்களில்தான் இந்தப் போட்டி சூடுபிடிக்கிறது. 1958இல் ஜில்லெட் 195 என்ற மாதிரியைக் கொண்டுவந்தது. அதன் விலை 1 டாலர் 95 சென்ட், பெயரும் அதுவே. ரசிகர்கள் அதை ஃபேட் பாய் என்கிறார்கள். ரேசரின் கழுத்துப் பகுதியில் உள்ள வளையத்தைத் திருப்பினால் 1 முதல் 9 வரை பிளேடு இடைவெளி மாறும். 1961இல் அதன் ஒல்லியான வாரிசு ஸ்லிம் வந்தது. இவற்றின் அருமை, மழிப்பின் நடுவிலேயே மாற்றலாம் என்பதில் இருக்கிறது. கன்னத்துக்கு 5, கழுத்துக்கு 3, மோவாய்க்கு 7 என்று உங்கள் முகத்துக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். புதியவற்றில் ராக்வெல் 6எஸ் இதே தேவைக்கு வேறு வழியில் போகிறது: மூன்று அடித்தட்டுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம், மொத்தம் ஆறு அளவுகள். துருப்பிடிக்காத எஃகு, தேய நுண்பாகங்கள் எதுவும் இல்லை. அளவு மாற்ற வேண்டுமானால் ரேசரைக் கழற்றித் தட்டைப் புரட்டிப் போடவேண்டும். நுரை அப்பிய முகத்தோடு யார் அதைச் செய்வார்கள்? மெர்க்குர் ஃபியூச்சரில் திருப்பும் வசதி உண்டு. ஆனால் அதன் மூடி அமுக்கிப் பொருத்துவது. ஈரக்கையால் பிளேடு மாற்றும்போது விரல் அறுபட அது நல்ல வாய்ப்பு தருகிறது. இந்தப் பிரிவில் ஸ்லிம்மை வெல்ல ஒரு புதிய ரேசரும் எனக்குத் தென்படவில்லை.

ஃபேட் பாய்க்கு இன்று கேட்கப்படும் விலை பெயருக்கானது. ஸ்லிம் அதே வேலையைக் குறைந்த பணத்தில் செய்யும், தலையும் மெலிந்தது. ஃபேட் பாயையே தேடுகிறவர்களில் பலர் தாம் பிறந்த ஆண்டில் தயாரான ரேசரைத் தேடுகிறவர்கள். 1951 முதல் அமெரிக்க ஜில்லெட் ரேசர்களின் தலைக்கடியில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். எழுத்து ஆண்டைக் குறிக்கும், எண் காலாண்டைக் குறிக்கும். இ-2 என்றால் 1959இன் இரண்டாம் காலாண்டு. ஆண்டு பொருந்திவிட்டால் பேரம் பேச மறந்துவிடுவார்கள், விற்பவருக்கு அது தெரியும்.

1947இல் வந்த, கதவுபோல் இருபுறமும் திறக்கும் ஜில்லெட் சூப்பர் ஸ்பீடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கைப்பிடி நுனியைத் திருகினால் திறக்கும், பிளேடு வைத்து மூடினால் முடிந்தது. புதியவற்றில் அதற்கு இணை, இந்தியாவிலேயே தயாராகும் பார்க்கர் 99ஆர். கனமானது, நீளக் கைப்பிடி, தாராளமாக நம்பி வாங்கலாம். சூப்பர் ஸ்பீடு அளவுக்கு நளினம் கிடையாது.

பழையது தெளிவாகத் தோற்கும் இடங்களுக்கு வருகிறேன். நான்கைந்து நாள் வளர்ந்த முரட்டுத் தாடியை ஒரே வீச்சில் வழிக்க வேண்டியவருக்கு டெக் பொறுமையைச் சோதிக்கும். மூலே ஆர்41 அந்த வேலைக்கென்றே பிறந்தது. சோம்பலாகக் கையாண்டால் ரத்தம் பார்க்கும், அதுவும் உண்மை. கையில் பணம் இருந்தால் ஃபெதர் ஏஎஸ்-டி2, பிளாக்லேண்ட் பிளாக்பேர்ட் போன்ற எஃகு ரேசர்கள் உறுதியிலும் துல்லியத்திலும் பழைய ஜில்லெட்டுகளைத் தாண்டிவிட்டன. முலாமே இல்லாததால் முலாம் போகும் பேச்சுக்கே இடமில்லை. தவிர, புதியதை வாங்கும்போது எதையும் சோதிக்க வேண்டியதில்லை. பழையதை வாங்கத் தெரியவேண்டும்.

டெக் என்றால் அடித்தட்டின் பட்டை நேராக இருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பிளேடு போட்டு இறுக்கிய பின் இரண்டு பக்கமும் இடைவெளி சமமாக இருக்கவேண்டும். டெக்குக்கு முன்பு வந்த, 1930-களுக்கு முந்தைய மாதிரிகளில் குழல் கைப்பிடியில் நெடுக்காக மயிரிழை விரிசல் இருக்கக்கூடும்; இறுக்கும்போது அது பெரிதாகும். கைப்பிடியில் காந்தம் ஒட்டினால் அது பித்தளை அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது பித்தளைத் தட்டுப்பாட்டால் எஃகிலும் பிளாஸ்டிக்கிலும் கைப்பிடி செய்தார்கள், ஆகவே ஒட்டினாலே போலி என்று முடிவுகட்டவும் வேண்டாம். கதவு திறக்கும் வகையில் இரண்டு கதவுகளும் ஒன்றாக மூடுகின்றனவா என்பதே முதல் சோதனை. கண்ணாடியாக மின்னும் பழைய ரேசரைக் கண்டால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். மறுமுலாம் பூசுவதற்கு முன் அழுத்தித் தேய்த்து மெருகேற்றியிருந்தால் பொறித்த எழுத்துகள் மழுங்கியிருக்கும்.

சுத்தம் செய்வதற்கு வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், பழைய பல்துலக்கி போதும். கடைசியில் மருந்துக்கடை ஆல்கஹாலில் துடைத்துவிடலாம். அமோனியா கலந்த திரவங்கள் பித்தளையில் விரிசல் உண்டாக்கும். தங்க முலாம் பூசியவற்றைக் கொதிநீரில் போடக்கூடாது, மேலே பூசிய அரக்கு உரிந்து வரும்.

நம் ஊரில் இந்தப் போட்டியில் ஒரு வசதி இருக்கிறது. மேலை நாடுகளில் பல கடைகளிலிருந்து மறைந்துபோன இருபக்க பிளேடு இங்கே பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கிறது. ரேசர் பழையதோ புதியதோ, பிளேடு மாற்றிப் பார்க்காமல் தீர்ப்பு சொல்லாதீர்கள். டெக் வழிக்கவில்லை என்று தூக்கிப் போடுமுன் ஜப்பானிய ஃபெதர் போன்ற கூரிய பிளேடு ஒன்றைப் போட்டுப் பாருங்கள், வேறு ரேசர்போல் நடந்துகொள்ளும். அதே பிளேடை ஆர்41-இல் போடுகிறவர்கள் படிகாரத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வது நல்லது.